அமாவாசை அன்று எடுத்த பிரஷர்

பச்சை நிறத்தைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செடி கொடியின் பச்சையைச் சொல்லவில்லை. போனில் எரிகிற பச்சையைச் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் நிறைந்த ஒரு தெருவில் நான் சுகாதாரப் பணியாளர். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு எங்கள் நிறுவனம் வீட்டுக்கொரு பிரஷர் மெஷின் கொடுத்தது. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அளவு தானாகவே போனில் உள்ள ஆப்புக்குப் போய்விடும். சரியாக இருந்தால் பச்சை, ஏறியிருந்தால் சிவப்பு. சென்னையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கச் சொல்லிப் பழக்குவது என் வேலை.

யார் பார்த்தார்கள்? காலையில் போனாலும் தறி, சாயங்காலம் போனாலும் தறி. பட்டையைக் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும் என்று விதி வேறு. அந்தத் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய நெசவாளர் ஒருவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். முதல் மாதம் அவர் தறிக்குழியில் இருந்தபடியே தலையை மட்டும் தூக்கிச் சொன்னார்:

"அமாவாசைக்குப் பாத்துடறேம்மா. அன்னிக்குத்தான் தறிக்கு லீவு. இப்போ நான் எழுந்தேன்னா உங்க அண்ணியும் சும்மா குந்திக்கினு இருக்கணும்."

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்தால் புடவையே நின்றுவிடும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நான் வாலாஜாபாத் பக்கம் கழனி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள். எங்களுக்கு லீவு என்றால் மழை பெய்ய வேண்டும். மாதம் ஒரு நாள் தவறாமல் லீவு விடுகிறார்களே, அன்றைக்கு எடுத்தால் என்ன என்று நினைத்தேன்.

தெரு முழுக்க அப்படியே ஆயிற்று. அமாவாசை அன்று தலைக்குக் குளித்து, படையல் போட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, நான் போகும்போது எல்லோரும் சாவகாசமாகக் கையை நீட்டுவார்கள். போன் பச்சைப் பசேலென்று இருக்கும். மாதாந்திரக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் என் தெருவைத் திரையில் போட்டுக் காட்டி, எல்லோரையும் கைதட்டச் சொல்லி, எனக்குச் சால்வை போர்த்தினார். பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அண்ணாவின் பச்சைகளைப் பார்த்து டாக்டர் அவருடைய இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்திவிட்டார்.

முகூர்த்த மாதம். மெஷினுக்குப் பேட்டரி மாற்றுவதற்காக ஒரு வேலை நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். மாற்றிவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் கையிலேயே பட்டையைச் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூற்று நான்கு. கீழே நூற்றுப் பன்னிரண்டு. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று என் கையில் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரியாகக் காட்டியது. அவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி போட்டேன். குறையவில்லை.

"மாத்திரை போடறீங்களாண்ணா?"

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணிதான் வாயைத் திறந்தார்.

"எங்கம்மா போடறாரு? அதப் போட்டா சும்மா சும்மா ஒண்ணுக்குப் போவணுமாம். குழியிலேர்ந்து எத்தினி தபா ஏறி எறங்கறது? அமாவாசைக்கு நாலு நாள் இருக்கச்சொல்ல எடுத்துப் போட்டுப்பாரு."

"நீதானம்மா சொன்ன, செவப்பு வந்தா ஆபீஸ்ல உன்னத் திட்டுவாங்கன்னு," என்றார் அண்ணா.

சொல்லியிருந்தேன். விளையாட்டாக, எப்போதோ ஒரு நாள். அந்த மனிதர் எனக்காக நாலு நாள் மாத்திரை விழுங்கியிருக்கிறார், தனக்காக ஒரு நாள்கூட இல்லை.

அங்கிருந்தே டாக்டரை வீடியோவில் கூப்பிட்டேன். தறி, குழி, அமாவாசை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அண்ணாவின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட கிராஃபைப் பார்த்த நேரம் அதிகம்.

"மாசக்கணக்கா நல்லா இருக்கும்மா. இன்னிக்கு எடுத்ததுதான் ஒட்டாம நிக்குது. பட்டையைச் சரியா கட்டியிருக்க மாட்டீங்க. அடுத்த ரீடிங் வரட்டும், பார்க்கலாம்."

வைத்துவிட்டார். அந்த ஆப்பில் வயது கேட்க இடம் உண்டு, எடை கேட்க இடம் உண்டு, தினமும் எத்தனை அடி நடக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க மட்டும் இடமில்லை. காஞ்சிபுரத்துக்கு ஒரு ஆப்பை அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை என்றால் அவர்கள் படித்த படிப்பெல்லாம் எதற்கு?

என்னையும் நான் விடப்போவதில்லை. அன்றைக்கே அவரைக் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றியிருக்க வேண்டும். "வாங்கண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றுதான் சொன்னேன். "கல்யாணப் புடவைம்மா, இன்னும் கொஞ்சந்தான் இருக்குது. தறியிலேர்ந்து அறுத்துட்டு நானே வரேன்" என்றார். மாத்திரையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவர் கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. கண் அசந்துவிட்டார் என்று நினைத்து அண்ணி தோளைத் தட்டியிருக்கிறார். திரும்பிய முகத்தில் வாய் கோணியிருந்தது.

உயிர் பிழைத்தார். வலது கை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அமாவாசையில் பிரஷர் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். வேலை நாளில் போய், தறி மேட்டிலேயே உட்காரவைத்துப் பார்க்கிறேன். எழுந்துவர முடியாது என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் சண்டை போடுகிறேன். தெருவில் பாதிக்கு மேல் சிவப்பு. போன கூட்டத்தில் மேற்பார்வையாளர் அதே திரையைக் காட்டிக் கேட்டார்: "உங்க தெரு ஏம்மா திடீர்னு இப்படிக் கெட்டுப்போச்சு?"

"கெட்டுப்போகல சார். எப்பவும் இப்படித்தான் இருந்துது. நாமதான் லீவு நாள்ல பாத்துட்டு சால்வை போட்டுக்கினோம்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. யாரும் கைதட்டவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அண்ணா வீட்டுக்குப் போனேன். தறியின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அண்ணி வேறு ஒருவர் வீட்டுத் தறிக்கு நாடா போடப் போயிருந்தார். இடது கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, பழக்க தோஷத்தில், "அஞ்சு நிமிஷம் அசையாம உக்காருங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பக்க வாயால் சிரித்தார். வார்த்தை குழறித்தான் வந்தது.

"இனிமே எனக்கு தெனமும் அமாவாசைதானேம்மா."

பொத்தானை அழுத்தினேன். போனில் பச்சை எரிந்தது.