நாற்பது சுற்று

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டியவன் சின்னவன். மயிரிழை பிசகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவன் தலையில் போயும் போயும் ஒரு பொம்மை ரயிலைக் கட்டிவிட்டு அண்ணன் போய்ச் சேர்ந்தான்.

பொம்மை என்று சொன்னால் பெரியவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒன்பதடிக்கு ஐந்தடிப் பலகையில் இரண்டு குகை, ஒரு பாலம், ஒரு ஸ்டேஷன். நடைமேடையில் விரல் நகமளவு பயணிகள் பதினோரு பேர். பத்து வருடமாக ஒரே வண்டிக்காக நிற்கிறார்கள், ஒருத்தரும் ஏறின பாடில்லை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்ட மனுஷனுக்கு வேலை விட்டால் ரயில் இருந்த அந்த அறைதான். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரயிலை நீ பாத்துக்கடா. யாருக்கும் குடுத்துடாத" என்று தம்பியிடம் சொல்லிவைத்திருந்தான். தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அப்படி என்ன ஆகிவிடப் போகிறது?

ஆகிவிட்டது. அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாம் நாள், வேலை செய்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியவன் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கு இதயம் பலவீனம், கொஞ்ச நாள் சொல்லாதீர்கள் என்றார் டாக்டர். அம்மா கேட்டபோதெல்லாம் "அவனுக்கு வேலை நெருக்கடிம்மா" என்று அக்கா சமாளித்தாள். அம்மாவுக்குப் பார்வை போய் எட்டு வருடம். மறைப்பதற்கு அதுவும் வசதியாகப் போயிற்று, என்ன சொல்ல.

பெரியவனோடு அம்மா இருந்த அதே வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்து படுக்கவைத்ததும் முதல் கேள்வியே, "பெரியவன் வந்துட்டானா?"

சின்னவன் விறுவிறுவென்று அடுத்த அறைக்குப் போய் ரயிலின் சுவிட்சைத் தட்டிவிட்டான். அது ஓடுகிற சத்தம் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. "தொண்டையில ஏதோ தொத்து நோயாம்மா. பேசக்கூடாது, உன் பக்கத்துல வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டான்.

அவிழ்த்துவிட்ட பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! பெட்டி படுக்கையோடு அங்கேயே வந்து தங்கினான். பகலில் அக்கா பார்த்துக்கொள்ள, தினமும் ஆறு மணிக்குக் கடையிலிருந்து வந்து ரயிலை ஓட்டினான். மூன்றாம் நாளே வண்டி முரண்டு பிடித்தது. தண்டவாளத்தில் அழுக்கேறினால் கரண்ட் ஏறாது என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தான். எஞ்சின் பற்சக்கரத்துக்கு ஊசி முனையில் எண்ணெய் வைத்தான். பயணிகளின் தலையில் படிந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினான். அண்ணன் உயிரோடு இருந்தபோது இந்த அறைக்குள் நாலு தடவைகூடக் கால் வைக்கவில்லையே என்று அப்போது தோன்றியது.

ஒன்று மட்டும் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. பாலத்தின் நடுவே இரண்டு தண்டவாளங்கள் சேருகிற இடத்தில் துளி மேடு பள்ளம். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அதில் ஏறும்போது 'டக்' என்றது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த ஆள் இதை எப்படி விட்டுவைத்தான்? கடையில் கண்ணாடி பிரேமுக்கு வைத்திருக்கும் அரத்தைக் கொண்டுவந்து ராவி, ஈயத்தால் பற்றவைத்து, மழமழவென்று தேய்த்தான். அன்று சாயங்காலம் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. சின்னவன் இடுப்பில் கை வைத்து நின்று தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டான்.

அப்போதுதான் பக்கத்து அறையில் அழுகை கேட்டது.

"என்னம்மா, வலிக்குதா?"

"அந்தச் சத்தத்தையும் எடுத்துட்டான் பாருடா" என்றாள் அம்மா. "நான் எண்ணக்கூடாதாம்."

"எதை எண்ணக்கூடாது?"

"உனக்குத் தெரியாது. எனக்குக் கண்ணு போனதும், 'நீ பாட்டுக்குத் தனியா உக்காந்திருக்காதம்மா, டக்கு டக்குனு கேக்குறதை எண்ணிட்டே இரு, நாப்பது ஆனதும் டீயோட வந்துடுவேன்'னு சொன்னான். எட்டு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல. இப்ப இருபது நாளா எண்ணுறேன். நாப்பது ஆகுது, அம்பது ஆகுது, வண்டிதான் ஓடுது. தொத்து நோய்னு நீ சொன்னதை நான் நம்பலடா. அவன் கோவம் எனக்குத் தெரியாதா?"

"என்ன கோவம்மா?"

"ஆஸ்பத்திரில வலி தாங்காம வாய் விட்டுட்டேன். 'பொம்மையைக் கட்டிக்கிட்டு அழுவுறியே, நீயும் ஒரு மனுஷனா'ன்னு கேட்டுட்டேன். ஒண்ணும் சொல்லாம எழுந்து போனான். மறுநாள்லேருந்து வரவே இல்ல. பெத்தவ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாசல்ல வந்து நின்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போனா என்ன?"

இருபது நாளாகச் சின்னவன் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அடுத்த அறையில் உட்கார்ந்து அவளைத் துளித் துளியாக வதைத்திருக்கிறான். டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று.

"அம்மா, ரயிலை ஓட்டுனது நான்தான்."

"அவன் எங்க?"

"நீ அவனைத் திட்டுனதுக்கு மறுநாள், வேலை செய்யற இடத்துல மாரடைப்பு. அங்கேயே முடிஞ்சு போச்சும்மா."

அம்மாவின் கை துழாவித் துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப கோவத்துல வராம இருக்கல" என்றாள்.

"இல்லம்மா. கோவமே இல்ல."

"சரி" என்றாள். பிறகுதான் பெரியவனுக்காக அழ ஆரம்பித்தாள்.