அரிசிக்குள் போன கார் சாவி

இருளாண்டியிடம் ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் வரும். பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொல்லி, அப்பன் பெயரைச் சொல்லி, அப்பன் எந்தக் கப்பலில் வந்து எந்தத் துறையில் இறங்கினார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். "சாமி ஒங்க வாய்க்கும் ஒரு பிரேக்கு வச்சுப் படைச்சிருக்கலாம்" என்பாள் அவர் மனைவி முனியாயி.

தோட்டத்தில் பல வருஷம் ரப்பர் பால் லோரி ஓட்டியவர் அவர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பழைய கறுப்புக் காரை வாங்கி, சிம்பாங் அம்பாட்டுக்கும் மலாக்கா பட்டணத்துக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். காருக்குச் சாவி ஒன்றுதான். இன்னொன்று துரையின் கால்சட்டைப் பையிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது.

அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று சர்க்கார் அரிசிக்குக் காவல் போட்டிருந்தது. பால் டின்னைக்கூடக் கடைக்காரர் சேர்த்துவைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். அளவுக்கு மேல் ஒரு பொட்டலம் அரிசி வைத்திருந்தவன் கம்பி எண்ணப் போனான்.

பாயா ரும்புட்டில் போலீஸ் நிலையத்து வாசலிலேயே சாலைத் தடுப்பு. ஒரு நாள் காலை, பட்டணத்திலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்த இருளாண்டியின் காரைக் கான்ஸ்டபிள் யூசோப் நிறுத்தினான். தோட்டத்துக்குப் பக்கத்து மலாய்க் கம்போங்கில் வளர்ந்தவன். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. சாவியை வாங்கிப் பின்பெட்டியைத் திறந்தான். துணி மூட்டைகளுக்கு அடியில் சேலைத் துண்டில் கட்டிய ஒரு பொட்டலம். அவிழ்த்தால், அரிசி.

"இது யாரு அரிசி?"

ஒருவர் ரப்பர் மரத்தைப் பார்த்தார். ஒருவர் வானத்தைப் பார்த்தார். பின்சீட்டுப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டாள். நாலாமவர் திடீரென்று இருமினார். பதில் சொன்னது இருளாண்டி மட்டும்தான்.

"என்னுது இல்ல தம்பி. எங்க வீட்டுல இந்த அரிசியே வாங்க மாட்டோம். இது வெந்தா கொழைஞ்சுபோவும். எங்க வீட்டுக்காரிக்கு..."

"போதும்ணே" என்ற யூசோப், பறிமுதல் அரிசி போடும் பெரிய கோணிச் சாக்கின் வாயைத் திறந்து, இரண்டு கையாலும் பொட்டலத்தைக் கவிழ்த்தான். சாக்கு வாயைத் தைத்தான். ஈய முத்திரையும் அடித்தான். கடமையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

"சாவி தம்பி?" என்றார் இருளாண்டி.

யூசோப் வலது கையைப் பார்த்தான். இடது கையைப் பார்த்தான். சட்டைப் பையைத் தடவினான். தொப்பியைக் கழற்றி அதற்குள்ளும் பார்த்தான். பிறகு மெதுவாகச் சாக்கின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, சாவி அரிசியோட உள்ள போயிருச்சுலா."

"அப்ப எடுத்துக் குடுங்க."

"குடுக்கலாம். ஆனா இன்ஸ்பெக்டர் ஆர்டர் ஒண்ணு இருக்கு. மூட்டைக்குள்ள கெடக்குற சாமானுக்கு எவன் சொந்தக்காரனோ, அரிசிக்கும் அவன்தான் சொந்தக்காரன். போன வாரம் ஒருத்தன் தன்னோட சீப்பு உள்ள கெடக்குன்னு கேட்டான். இப்ப ஜெயில்ல தலை வாரிக்கிட்டு இருக்கான்." யூசோப் குரலைத் தாழ்த்தினான். "சொல்லுங்க. அது ஒங்க சாவியா?"

இருளாண்டி சாக்கை ஏற இறங்கப் பார்த்தார். சாக்கு ஆள் உயரத்துக்கு நின்றது.

"அது என் சாவியே இல்ல" என்றார்.

"அப்ப ஒங்க சாவி?"

"தொலஞ்சுபோச்சு."

"எங்க?"

"தெரியாது."

பயணிகள் நாலு பேரும் இறங்கிக் காரைத் தள்ளி, நிலையத்துக்குப் பக்கத்து மாமரத்தடியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். பின்சீட்டுப் பெண்மணி மட்டும் சாக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டில் முனியாயி கதையைக் கேட்டுவிட்டு, "வயர இழுத்து முறுக்கிவிட்டு ஓட்டுங்களேன். லோரிய அப்படித்தான ஓட்டுனீங்க?" என்றாள்.

"ஓட்டலாம் புள்ள. போற வழியெல்லாம் தடுப்பு. ஒவ்வொருத்தனும் பின்பெட்டியத் தொறன்னு சொல்லுவான். சாவி இல்லாமப் பெட்டிய எப்படித் தொறக்கறது? சாவி இல்லாம ஓடுற காரு திருட்டுக் காரும்பான்."

மறுநாள் பட்டணத்தில் கார் விற்கும் பெரிய கடைக்குப் போனார். கழுத்துப்பட்டை கட்டியிருந்த குமாஸ்தா, பூட்டையே மாற்ற வேண்டும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார். விலையையும் சொன்னார். அந்த விலைக்குக் காரின் முன்பாதியை வாங்கிவிடலாம் போலிருந்தது. இருளாண்டி கும்பிட்டுவிட்டு, தெங்கேராவில் பூட்டு ரிப்பேர் செய்யும் சீன முதலாளி, லிம் தவுக்கேயின் கடைக்கு நடந்தார்.

லிம் எப்போதும் ஒரு கண்ணைச் சுருக்கியே பார்ப்பார். சாவித் துளைக்குள் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

"கார கொண்டா, சாவி போடுறேன்" என்றார்.

"கார் வரணும்னா சாவி வேணும் தவுக்கே."

லிம் யோசித்தார். "நான் அங்க வர முடியாது. அரம், கம்பி, நூறு சாவி எடுத்துக்கிட்டுத் தடுப்பத் தாண்டினா, மத்தா போலீசு என்னைப் புடிச்சு உள்ள வைப்பான். நீ ஒண்ணு செய். பூட்டு மொகத்துல நம்பர் வெட்டியிருக்கும். தொடச்சுப் பாத்து வந்து சொல்லு. அதே நம்பர் சாவி வேற எவன் கார்லயாவது இருக்கும். அந்தச் சாவியக் கொஞ்ச நேரம் கொண்டாந்தா அதப் பாத்து ஒண்ணு வெட்டிருவேன். ரெண்டு கோப்பி காசு."

இருளாண்டி பஸ் ஏறி மாமரத்தடிக்கு வந்தார். வேட்டி நுனியில் எச்சில் தொட்டுப் பூட்டைத் துடைத்தார். நம்பர் தெரிந்தது. மறந்துவிடுமோ என்ற பயத்தில் திரும்பும் பஸ்ஸில் மந்திரம்போல் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "எங்க போகணும்?" என்று கேட்ட கண்டக்டருக்கு "ஐநூத்தி நாப்பத்தேழு" என்று பதில் கொடுத்தார். கண்டக்டர் இரண்டடி தள்ளி நின்றே டிக்கெட்டைக் கொடுத்தான்.

நம்பரைக் கேட்டதும் லிம்மின் சுருங்கிய கண்கூட விரிந்தது.

"ஐநூத்தி நாப்பத்தேழா? போன வருஷம் நான் ஒரு பூட்டுக்கு எண்ணெய் போட்டேன். அதே நம்பர். பின்சீட்டுல ஸ்பிரிங் ஒடஞ்ச காரு."

"யாரு காரு தவுக்கே?"

"பாயா ரும்புட் இன்ஸ்பெக்டர் காரு."

வேறு யாராவது என்றால் அங்கேயே கும்பிடு போட்டுக் காரைப் பழைய இரும்புக்கு விற்றிருப்பார்கள். ஆனால் கார் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். இரவெல்லாம் புரண்டு படுத்த இருளாண்டி, காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் ஜெயமணி ஈப்போக்காரர். மீசையைக்கூட உத்தரவு போட்டு வளர்த்தவர் போலிருப்பார். பக்கத்தில் யூசோப் விறைத்து நின்றான்.

"என்னா விஷயம்?"

"ஐயா கார் சாவிய ஒரு மணி நேரம் எனக்குக் கடனாக் குடுக்கணுங்க."

நிலையத்தில் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"சர்க்கார் கார் சாவிய, ஒனக்கு. எதுக்குய்யா?"

இருளாண்டி சொல்ல ஆரம்பித்தார். துரையிடமிருந்து தொடங்கி, கால்சட்டைப் பை, கப்பல், பெரிய கடை, லிம், நம்பர் என்று வந்து, சாவி தொலைந்த இடத்தை மட்டும் ஒரே தாவாகத் தாவிக் கடந்தார். ஜெயமணி நம்பவில்லை. தன் சாவியை எடுத்துக்கொண்டு நேராக மாமரத்தடிக்கு நடந்தார். காரில் உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருப்பி, ஸ்டார்ட்டரை இழுத்தார். இருளாண்டியின் கார் முதல் இழுப்பிலேயே உறுமியது.

இருளாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா ஐயா, ரெண்டு நாளாத் தூங்கின புள்ள மாதிரி..."

ஜெயமணியின் முகமோ வெளிறிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்தினார்.

"அப்படின்னா, ஒன் சாவி என் காரத் தொறக்கும்."

"தொறக்குங்க. ஓட்டவும் ஓட்டும்."

"தொலஞ்சுபோன அந்தச் சாவி எவன் கையில கெடைச்சாலும், போலீஸ் கார எடுத்துக்கிட்டு, போலீஸ் மாதிரி எல்லாத் தடுப்பையும் தாண்டிப் போயிருவான்!"

இருளாண்டி ஆறுதல் சொல்ல நினைத்தார். "ஐயா பயப்படாதீங்க. அத எவனும் எடுக்க மாட்டான். பின்சீட்டுல ஸ்பிரிங் வேற ஒடஞ்சிருக்கு."

"அது ஒனக்கு எப்படிய்யா தெரியும்?"

யூசோப்பால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு சல்யூட் அடித்து உண்மையைக் கக்கிவிட்டான். "துவான், சாவி பத்திரமா இருக்கு. பறிமுதல் சாக்குக்குள்ள இருக்கு."

"கொண்டா அந்தச் சாக்க!"

இரண்டு பேர் சாக்கை இழுத்து வந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். ஜெயமணி பேனாக்கத்தியை விரித்து ஈய முத்திரைமேல் வைத்தார்.

"துவான், ஒரு சந்தேகம்" என்றான் யூசோப். "சாவி உள்ள இருந்தா, அது யாரு சாவின்னு எழுதணும்? இவரு சாவின்னா, துவானோட ஆர்டர்படி அரிசி இவரோடது. இவரப் புடிக்கணும்."

"பிடி! அதுக்கென்ன?"

"ஆனா அது துவான் கார் சாவியும்தான். துவான் கார் சாவின்னா, அரிசி..."

அவன் முடிக்கவில்லை. கத்தி முத்திரைமேல் அப்படியே நின்றது. அந்த உத்தரவை எழுதியவர் ஜெயமணி. மாதந்தோறும் அணிவகுப்பில் உரக்கப் படித்துக் காட்டியவரும் அவரே. மூன்று பேரும் சாக்கைப் பார்த்தார்கள். சாக்கு பாட்டுக்கு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஜெயமணி சாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கத்தியை மடக்கினார்.

"இந்தச் சாக்குக்குள்ள சாவி எதுவும் இல்ல."

"இல்ல துவான்."

"நான் பாத்ததே இல்லீங்க" என்றார் இருளாண்டி.

"ஆனா இன்னையிலேருந்து இந்தச் சாக்குக்கு ராவும் பகலும் ரெண்டு பேர் காவல். துப்பாக்கியோட."

அன்று மத்தியானமே லிம்மை அழைத்துவர ஒரு ஜீப் தெங்கேராவுக்குப் போனது. எதற்கென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஜெயில் என்றே முடிவு செய்த லிம், பெண்டாட்டியிடம் அழுது விடைபெற்று, போர்வையும் பல் விளக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் காரின் பூட்டைக் கழற்றி வேறு பூட்டுப் போட வேண்டும் என்று தெரிந்ததும், அந்தப் போர்வையையே தரையில் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே வேலையை முடித்தார்.

புதுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானும் மாட்டிய ஜெயமணி, பழைய சாவியை இருளாண்டியிடம் நீட்டினார்.

"இது இனிமே போலீஸ் சாவி இல்ல. குப்பையில போட்டுரு."

"எந்தக் குப்பையிலங்க ஐயா?"

"ஒன் காருக்குள்ள போடுய்யா!" என்று கத்தினார் ஜெயமணி. அப்போதுதான் இருளாண்டிக்கு விளங்கியது. இங்கிலாந்துக் கப்பல் இல்லை, பெரிய கடை இல்லை. சாவி சும்மாவே கைக்கு வந்துவிட்டது. மனசு கேட்காமல், லிம்மிடம் அதைப் பார்த்து இன்னும் இரண்டு வெட்டித் தரச் சொன்னார். ஒன்று இடுப்புக் கயிற்றில் ஏறியது. ஒன்று முனியாயியின் முந்தானை முடிச்சுக்குப் போனது.

கதை அதற்குள் சிம்பாங் அம்பாட் கோப்பிக் கடை வரைக்கும் போய்விட்டது. கார் வைத்திருந்தவர்களெல்லாம் பூட்டைத் துடைத்து நம்பர் பார்த்தார்கள். ஒரே நம்பர்க்காரர்கள் ஒருவரையொருவர் 'பங்காளி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்கில் இருளாண்டி இன்ஸ்பெக்டரின் பங்காளி ஆனார். தடுப்பில் அவர் காரைப் பார்த்தாலே கான்ஸ்டபிள்கள் தடுப்புக் கம்பைத் தூக்கி வழிவிட்டார்கள்.

அதுவே வினையாகவும் போனது. போலீஸ் சொந்தக்காரன் காரில் எவன் ஏறுவான்? ஏறிய ஒன்றிரண்டு பேரும் வாயைத் திறக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வந்தார்கள். பேச ஆள் இல்லாமல் இருளாண்டி இளைத்தே போனார். "நான் அவருக்குச் சொந்தமில்லய்யா, அவரு ஈப்போ, நாங்க சேலம்" என்று அவர் விளக்க விளக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது.

ஜெயமணிக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்த பிறகுதான் ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. முதலில் ஏறியவள் தெங்கேராவில் கருவாடு விற்கும் ஒரு கிழவி. கூடையைப் பின்பெட்டியில் வைக்க மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ஏறிய இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு இருளாண்டியைத் திட்டினார்கள். கிழவி அவர்களைத் திட்டினாள். பாயா ரும்புட் வருவதற்குள் மூன்று பேரும் கை நீட்டிப் பேசும் அளவுக்குச் சண்டை முற்றிவிட்டது. இருளாண்டி கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு காருக்குள் பேச்சுச் சத்தம்; சண்டை முடிவதற்குள் இறங்குமிடம் வந்துவிடக்கூடாதே என்று, காரை மெதுவாகவே ஓட்டினார்.