அத்தை ஊர் காட்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் நல்ல நாள் பார்ப்பது அம்மாவின் இலாகா. அப்பா ஹைதராபாத் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான். ஆனாலும் ஸ்கூட்டர் வாங்கியதிலிருந்து ஹப்சிகுடா வாடகை வீட்டில் பால் காய்ச்சியது வரை எல்லாம் அம்மா காலண்டரைப் பார்த்துச் சொன்ன நேரத்தில்தான் நடந்தது. அதனால் அமெரிக்காவிலிருந்து படிக்க வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒருநாள் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும், நாளைத் தன்னையே குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அத்தை சொன்னதுமே அம்மா காலண்டர் முன்னால் போய் நின்றுவிட்டாள். வியாழக்கிழமை கரிநாள். சனிக்கிழமை பேச்சுக்கே இடமில்லை.

"வெள்ளிக்கிழமை வச்சுக்கோ. நவராத்திரி வெள்ளி வேற. பத்தரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னாடி பஸ் கெளம்பிரணும்" என்றாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆடி மாதம் கோவில்பட்டியிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவள், புரட்டாசி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் டியூஷனுக்கு நேரமாச்சு என்று என்னைக் கிளப்பி விடுவார்கள். நான் டியூஷனே போகவில்லை.

அத்தை ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். தார்நாகா பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தில், அரை வருஷம் தங்கிப் படிக்க வந்த அந்த மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அதுவும் தற்காலிகமாக. அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"தீவாளிக்குள்ள வேலை நிரந்தரமாச்சுன்னா இரு. இல்லன்னா நானே கொண்டு போய் மாப்பிள்ளை வீட்ல விட்டுட்டு வாரேன். ஊர்ல கேக்கிறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல."

வேலை நிரந்தரமாவது மாணவர்களின் பொறுப்பாளரான அமெரிக்க மேடத்தின் கையில் இருந்தது. இந்த ஒருநாளை அத்தை எப்படி நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றிருந்தார் அந்த மேடம்.

எனக்குத் தசரா லீவு. முன்பின் தெரியாத பையன்களோடு தனியாகப் போகக் கூடாது என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். முப்பது வயது அத்தைக்குப் பத்து வயது நான் பாதுகாப்பு. எனக்குப் பாதுகாப்பாக அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

ராகு காலத்துக்கு வெகு முன்பே கிளம்பிவிட்டோம். ஒன்பது மாணவர்கள், மேடம், அத்தை, நான், டிரைவர். அத்தை பட்டு மாதிரித் தெரியும் ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு, மைக் இல்லாத பஸ்ஸில் நின்றபடியே மூசி ஆற்றின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தது. அருமையாகத்தான் சொன்னாள். ஆற்றங்கரை மியூசியத்தின் வாசலில் இறங்கினால் கதவு பூட்டிக் கிடந்தது.

டிரைவர் பீடியைப் பற்ற வைத்தபடி, "ஆஜ் ஜும்மா ஹை நா மேடம். பந்த் ரஹதா" என்றார். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஹைதராபாத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றையும் பார்த்துக் கிளம்பிய எங்களுக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு இந்தி சுத்தமாக வராது. நான் மொழிபெயர்த்தேன். அவள் முகம் சுருங்கிப் போனது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாணவர்களில் இரண்டு பேர் பஸ்ஸில் ஏறி மறுபடி உட்கார்ந்தே விட்டார்கள்.

"வாபஸ் சலேங்கே?" என்று டிரைவர் கேட்டார். திரும்பிப் போகலாமா என்கிறார் என்றேன்.

"நக்கோ" என்றாள் அத்தை. வேண்டாம் என்பதற்கு நான் சொல்லிக் கொடுத்த சொல். அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான். டிரைவரே பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அத்தை நடந்த வேகத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. சார்மினார் மேல் எல்லோரையும் ஏற்றி இறக்கினாள். வளையல் கடைத்தெருவில், ஒன்பது பேரையும் ஒரு கடையில் உட்கார வைத்து அரக்கு வளையல் செய்வதைப் பார்க்க வைத்தாள். வெளியே வந்தால் தொழுகைக்குக் கூட்டம் சேர்ந்து, வண்டிகளை போலீஸ் திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அத்தை குடையை விரித்துத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டே அத்தனை பேரும் வெயிலில் பாலம் வரை நடந்தோம். பாதி வழியில் அவள் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. இரண்டு செருப்பையும் கழற்றி என் தயிர்சாதப் பைக்குள் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, தயிர்சாதத்தை நினைத்து.

பஸ்ஸில் ஏறியதும் மேடம், பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், கோல்கொண்டாவை இன்னொரு நாள் பார்க்கலாமே என்றார்.

"இன்னொரு நாள் இல்ல மேடம், இன்னைக்கே" என்று அத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் மேடம் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கோட்டைப் படிகள் கொதித்தன. அத்தை நிழல் விழுந்த ஓரமாகக் கால் வைத்து ஏறினாள். நிழல் இல்லாத இடத்தில் வேகமாக ஏறினாள். உட்கார்ந்துவிட்ட பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்துக் கிளப்பினாள். வயிறு சரியில்லை என்ற பையனின் பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டாள். நான் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, துணைக்கு வந்தவள் என்ற கௌரவத்தையும் விட்டு, இழுபட்டுப் போனேன்.

உச்சியில் நல்ல காற்று. ஊர் மொத்தமும் கீழே கிடந்தது. மாணவர்கள் களைப்பை மறந்து கத்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். மேடம்கூடச் சிரித்தார். செம்பட்டைத் தாடி வைத்த பையன் ஒருவன் அத்தையிடம், உங்கள் வீடு இங்கிருந்து தெரிகிறதா என்று கேட்டான்.

அத்தை கிழக்கே கை நீட்டினாள். "மை ஹவுஸ் இஸ் தேர்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் தப்பான விடை காதில் விழுந்தால் கையைத் தூக்கிவிடுகிற சுபாவம் எனக்கு. அது எங்கள் வீடு, அத்தையின் வீடு கோவில்பட்டியில் இருக்கிறது, அது தெற்கே, அங்கே மாமா இருக்கிறார், அத்தை சும்மா லீவுக்கு வந்திருக்கிறாள் என்று என் கான்வென்ட் ஆங்கிலத்தில் அத்தனை பேருக்கும் தெளிவாக விளக்கினேன். தாடிக்காரன் அத்தையைப் பார்த்தான். மேடமும் பார்த்தார்.

"நோ. தேர்" என்றாள் அத்தை. நீட்டிய கையை இறக்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா அத்தையின் கால்களைப் பார்த்துவிட்டு வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்தபடி, "என்ன சொன்னாங்க? வேலை நிலைக்குமா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. திங்கக்கெழம சொல்லுதேன்னாங்க." வாளிக்குள் காலை வைத்தபடி அத்தை சொன்னாள்.

எனக்கு அதைவிட முக்கியமான விஷயம் இருந்தது. "அப்பா, அத்தைக்கு அவங்க வீடு எங்க இருக்குன்னே தெரியலப்பா. எல்லார்கிட்டயும் நம்ம வீட்டைக் காட்டி என் வீடுன்னு சொல்லிட்டாங்க. நான் கரெக்டா சொல்லிக் கொடுத்தேன், அப்பவும் கேக்கல" என்றேன்.

அப்பா பிசைந்த சாதத்தில் கையை அப்படியே வைத்திருந்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுதது தெரிந்தது. நான் சொன்னது தப்பில்லையே, எதற்கு அழ வேண்டும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மாதான் பேசினாள். "ஒங்க தங்கச்சி சரியாத்தான் சொல்லிருக்கா" என்றாள் அப்பாவைப் பார்த்து.

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். கோவில்பட்டிக்கு எஸ்.டி.டி. போட்டார். மாமாதான் எடுத்திருக்க வேண்டும். "மாப்பிள்ளை, தங்கச்சி இனிமே இங்கதான் இருப்பா. தீவாளிக்கு எதிர்பாக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமலே வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அத்தைக்குத் திசை தெரியவில்லை என்று நான் சொன்னதற்கு அப்பா எதற்கு மாமாவுக்குப் போன் போட வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.