மலைக்குள் போனவள் இருக்கிறாளா?

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி அடைமழையில், கண்டி வாவிக்கு மேலே ஏறிப்போகும் தெருவில் இருந்த சின்ன மண்டபம் ஒன்றில் இது நடந்தது. நான் எழுதிய மாயக்கதை நாவலைப் பற்றி வாசகர்கள் கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. வசன கவிதை எழுதிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவன் நான். ஒரே கதிரையில் இரண்டு மணிநேரம் இருப்பதே எனக்குத் தண்டனை. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. மைக் இருந்தும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

முதலில் எல்லாம் சுகமான கேள்விகள். பாத்திரங்களுக்குப் பெயர் எங்கிருந்து கிடைக்கிறது? ராஜா ராணி இல்லாமல் மாயக்கதை எப்படி? நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன், "சேர், ஒங்க பூதம் ஏன் எங்க தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மாதிரியே இருமி இருமிப் பேசுது?" என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. நிகழ்ச்சியை நடத்திய யாழ்ப்பாணத்து ஆசிரியர் மட்டும் சிரிக்காமல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் போன்.

"வெளக்குக்காரி உசிரோட இருக்காளா, சேர்?"

விளக்குக்காரி என் நாவலில் வருகிறவள். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்கும்போது மலை சரிந்து அவளை மூடிவிடும். 'மலை எடுத்துக்கொண்டது' என்று எழுதியிருந்தேன். மண்சரிவில் போனவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 'இறந்தாள்' என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது. மலைக்குள் ஓர் ஊர். அங்கே வேருக்கு வேர் விளக்கேற்றிக்கொண்டு அவள் நடப்பாள். பெருமழையில் மலை வாய் திறக்கும். வாசலில் யாராவது விளக்கோடு காத்திருந்தால் அவள் வெளியே வரலாம். இப்படி முடிகிறது கதை.

என் வழக்கமான பதிலைச் சொன்னேன். "அதை நான் வாசகர்களிடமே விட்டுவிட்டேன்." நாலு பேர் கைதட்டினார்கள்.

அவள் உட்காரவில்லை. "எங்ககிட்ட விடாதீங்க, சேர். எங்கப்பா அங்க ஒக்காந்திருக்காரு."

"கேள்வியைச் சுருக்கமாக் கேளுங்கோ, பிள்ளை" என்றார் ஆசிரியர்.

அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டம். போன வருட மழையில் அவளுடைய அம்மாவை மலை எடுத்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்குக் கண் மங்கல். மனதுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இவள்தான் என் நாவலை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம். இப்போது அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது. எல்லாக் குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் வாசலில், மண்ணெண்ணெய்க் குப்பி லாம்போடு. தூக்கிக்கொண்டு போக வந்தவர்களைத் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் காட்டி விரட்டியிருக்கிறார்.

"'அவ வரமாட்டா'ன்னு எழுதினவரே சொல்லட்டும், எறங்குறேன்னாரு. அதான் காலையிலயே பஸ் ஏறி வந்தேன். காலையில மழை இப்புடி இல்ல, சேர்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, போன் அலறியது. பக்கத்து வீட்டுக்காரர். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். "தங்கச்சி, பீலித் தண்ணி சேறா வருது! நான் இன்னும் எவ்வளவு நேரம் இவரோட நிக்கிறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு!"

மலையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், பீலி வழியே வரும் குடிதண்ணீர் சேறானால் மலை இறங்கப்போகிறது என்று. அவள் நடந்து வந்து போனை என் கையில் வைத்தாள். கூரையில் ஒரு மழை, போனுக்குள் ஒரு மழை. இரண்டுக்கும் நடுவே கரகரத்த ஒரு குரல்.

"நீங்கதான் எழுதினவரா?"

"ஆமாங்க, ஐயா."

"அவ வருவாளா?"

"ஐயா, அது கதைங்க. நான் சும்மா கற்பனையா..."

"கதைனு எனக்குத் தெரியாதா? நான் என்னா கிறுக்கனா? கதைக்குள்ள அவ வருவாளானு கேக்குறேன்."

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு சரியாகக் கேள்வி கேட்டதில்லை. என் மூளை வேகமாக ஒரு வழி தேடியது. "ஐயா, அவ வாசலை மாத்திட்டா. பள்ளிக்கூடத்துப் பக்கமா..." என்று தொடங்கினேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "வேணாம், சேர்" என்றாள் மெதுவாக. "பொறகு பள்ளிக்கூட வாசல்ல ஒக்காந்துருவாரு. சாகுற வரைக்கும்."

பொய்யை நிறுத்திவிட்டேன். மழைக்கு நூறு உவமை வைத்திருப்பவன் நான். நான் ஒளித்து வைத்த அந்த ஒரு சொல் நாக்கில் ஏற மறுத்தது.

"அவ செத்துட்டா, ஐயா."

"எப்ப?"

"மண்ணு எறங்குன அந்த நிமிசமே."

"அப்ப அந்த வெளக்கு?"

"அது நான் ஏத்துனது. அவ ஏத்தல."

"உள்ள ஊரு?"

"உள்ள மண்ணுதான், ஐயா. வேற ஒண்ணுமில்ல."

மழை. மழை மட்டும். "மாமா, மாமா" என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. ஏதோ தகரம் விழுந்து உருண்டது. அது மலையா, கதவா, அவரா? அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அதே கரகரத்த குரல், போனுக்கு மிக அருகில்: "அத மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?" அடுத்து, யாரிடமோ, "என்னாடா பாத்துக்கிட்டு நிக்கிற? கொட்டில்ல கட்டுன ஆட்ட அவுத்து விடு!" லைன் அறுந்தது.

அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி போகவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமானவர்கள்கூட எழுந்து போகவில்லை. ஆசிரியர் மைக்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். கடைசியில் போன் ஒலித்தபோது அவளுக்கு அதை எடுக்க விரல் வரவில்லை, நான்தான் அழுத்தினேன்.

"பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டோம், தங்கச்சி. டீல சீனி பத்தலனு சண்டை புடிக்கிறாரு."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆசிரியர் தொண்டையைச் செருமி, பழக்கதோஷத்தில், "அடுத்த கேள்வி ஆருக்கும் இருக்கோ?" என்றார். யாருக்கும் இல்லை.

அன்றைக்கு அந்த மலை இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை. வெடித்த சுவரோடு லயம் காலியாக நிற்கிறதாம். அப்படியானால் ஒரு மனிதனின் கடைசி நம்பிக்கையைச் சும்மாதான் பிடுங்கினேனா என்று பல நாள் தூக்கமில்லாமல் புரண்டேன். மாதங்கள் கழித்து அந்தப் பெண் பேசினாள். வேறு இடத்தில் வீடு கிடைத்திருக்கிறது. அப்பா தலையை மழித்துக்கொண்டு, சொந்தம் எல்லாரையும் அழைத்து, அம்மாவுக்குக் கருமாதி செய்துவிட்டார். எனக்கும் ஒரு செய்தி சொல்லியனுப்பியிருந்தார்: "ரெண்டாம் பாகம் எழுதச் சொல்லு. அவ செத்த பொறகு அவ புருசன் என்னா செய்யிறான்னு எழுதச் சொல்லு."

எழுதப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை; ஆனால் ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அவர் எந்த மழையில் உட்கார்ந்து கேட்கிறார் என்று அறியாமல் அழகாகப் பதில் சொல்லும் துணிச்சல் அன்றோடு என்னை விட்டுப் போய்விட்டது.