பேசாத நண்பனின் பிறந்தநாள்

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவன் சொல்லும் ‘எஸ் சார்’ பேராசிரியரின் காதுக்கு எட்டாது. பக்கத்தில் இருக்கும் நான்தான் அவன் கையைப் பிடித்து உயர்த்துவேன். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். அம்மா இல்லை, அப்பாவும் பேச்சில் சிக்கனம். எங்கள் கூட்டத்தோடு எங்கும் வருவான், எல்லாவற்றுக்கும் சிரிப்பான், அவ்வளவுதான்.

அவனுடைய இருபத்தோராவது பிறந்தநாளை, நெமிலிச்சேரியில் எங்களில் சிலர் தங்கியிருந்த வாடகை அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொண்டாடினோம். பிரியாணி, கேக், பாட்டில்கள். நிறையக் குடிக்கப்போவது வாயாடிகள்தான் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பேச்சிலேயே பொழுதைப் போக்கினார்கள். அடிக்கடி காலியானது அவனுடைய தம்ளர்தான். திடீரென்று எழுந்து ஒவ்வொரு பேராசிரியரைப் போலவும் நடந்து, பேசிக் காட்டினான். அத்தனை நாளும் எல்லோரையும் உன்னிப்பாகக் கவனித்திருக்கிறான். வயிறு வலிக்கச் சிரித்தோம். “மாமே, இத்தினி நாள் இதெல்லாம் எங்க ஒளிச்சி வெச்சினு இருந்த?” என்று ஒருவன் மறுபடியும் ஊற்றினான்.

சற்று நேரத்தில் சுவரோரம் சரிந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தோம். பிறகு வாந்தி எடுத்தான், கூப்பிட்டுப் பார்த்தும் கண் திறக்கவில்லை, கை ஜில்லிட்டிருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடியே இருந்தேன்.

அவனுடைய அப்பா வந்தார். யாரையும் திட்டவில்லை. பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்ன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவன் நல்லாப் பேசினான்னு சொன்னாங்களே. இன்னா பேசினான், சொல்லுப்பா. ஊட்ல நான் கேட்டதே இல்ல.”

அந்த வராந்தாவில், எனக்கு வந்த வரையில் நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டார்.

படிப்பு முடிந்து எங்களில் ஒருவனுக்கு வேலை கிடைத்தபோது அதே அறையில் மறுபடியும் கூடினோம். அவனும் வந்தான்.

“எனுக்கு வேணாம் மச்சான். சும்மா உக்காந்துகினு கீறேன், பரவால்லியா?”

யாரும் வற்புறுத்தவில்லை. கடைசிவரை சும்மாதான் உட்கார்ந்திருந்தான்.

இப்போது தினமும் நெமிலிச்சேரி நிலையத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அந்த இரண்டாம் விருந்து முடிந்த சாயங்காலம் நானும் அவனும் ரயிலுக்காக அங்கே நின்றிருந்தோம். அவனாகவே, தன் அம்மாவைப் பற்றி, மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தான். ரயில் வந்தது. நாங்கள் ஏறவில்லை.