கூப்பிடாத கட்சிக்கு ஹெல்வியின் கூப்பாடு

காபிக்கு முன்னால், செருப்பில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹெல்வி எடைமேடையில் ஏறுவாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்று பக்கத்து வீட்டிலிருக்கும் நானும் சொல்லி அலுத்துவிட்டேன். இதயம் தளர்ந்தவர்களுக்கு உடம்பில் நீர் கோத்தால் முதலில் கோள்சொல்வது இந்த மேடைதான்.

எட்டு மணிக்கு நர்ஸ் போனில் கூப்பிடுவாள். எடை என்ன, கால் வீங்கியதா, மாத்திரை போட்டாயிற்றா? இப்படித் தினமும் விசாரித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறையுமா என்று பின்லாந்தில் எங்கள் ஊரான குஹ்மோவில் ஓர் ஆய்வு. சீட்டுக் குலுக்கியதில் பாதிப்பேருக்கு அழைப்பு உண்டு, மீதிப்பேருக்கு இல்லை. ஹெல்விக்கு உண்டு. மாடிவீட்டுத் தாவ்னோவுக்கு இல்லை.

அதனாலென்ன? நர்ஸ் போனை வைத்ததும் ஹெல்வி மாடிக்குப் போன் போடுவாள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். அந்தக் குரலுக்கு ஏரியடியில் தூங்கும் மீன்கூட எழுந்து டிக்கெட்டை நீட்டும்.

"தாவ்னோ, ஏறினியா?"

"ஏறியாச்சு. நேத்தைவிடக் கம்மி!"

"சவுனாவுல உக்காந்து வேர்த்துட்டு வந்து ஏறினியா?"

"...கொஞ்ச நேரந்தான்."

"யாரை ஏமாத்துற, கிழவா? உன் மேடையும் உன்னைப் போலவே புளுகுது. அந்த உப்புமீன் ஜாடியக் கொண்டுவந்து என் வாசல்ல வை!"

ஜாடி வந்தது. தாவ்னோ மட்டுமா? தேவாலயத்துக் காபிக்கு வரும், நர்ஸ் கூப்பிடாத கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் அவள் கைதிகள்.

வசந்தத்தில் ஆய்வாளர் வெஸா வாடிய முகத்தோடு வந்தார். ஹெல்வி ஏலக்காய் பன் வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நல்லா இருக்காங்க, ஹெல்வி. கூப்பிட்டு என்ன பிரயோஜனம்னு மேலிடத்துல கேக்குறாங்க. இப்படியே போனா திட்டத்தை மூடிருவாங்க. உங்களுக்கும் போன் வராது."

கூப்பிடாத கட்சியைத் தினமும் தானே கூப்பிடும் உண்மையை ஹெல்வி சொன்னாள். வெஸா கடித்த பன்னைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"ஐயோ! இலையுதிர் காலம் வரைக்குமாவது அவங்களைக் கூப்பிடாதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

"அந்த நர்ஸ் பொண்ணு இல்லேன்னா நான் போன மார்கழியிலயே போயிருப்பேன்," என்றாள் ஹெல்வி. "சரி. போன் பண்ணல."

பின்லாந்தில் கொடுத்த வாக்கு உறைந்த ஏரி மாதிரி. மேலே லாரியே ஓட்டலாம்.

மறுநாள் காலை நர்ஸ் பேசி முடித்தாள். ஹெல்வி போனைப் பார்த்தாள், தொடவில்லை. குனிந்து எடைமேடையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்கியபடி மாடி ஏறினாள்.