தொட்டில் விசேஷத்தில் கேட்ட பியானோ

காரைக்குடியில், விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பெரிய வீட்டில் நான் சூப்பர்வைசர். ஹாலில் அம்மன் படத்துக்குக் கீழே பழைய பியானோ ஒன்று உண்டு. போன ஆவணியில் பக்கத்து ஊரான கல்லல்காரர் ஒருவர், பிள்ளைக்குப் பேர் வைத்துத் தொட்டிலில் போட அந்த வீட்டை எடுத்தார். புதுமையாக இருக்கட்டும் என்று பியானோவில் தாலாட்டு கேட்டார்.

மியூசிக் மாஸ்டர் காலையிலேயே வந்து வாசித்துப் பார்த்தார். கேட்கச் சுகம்தான். ஆனாலும் மனம் கனத்தது.

“என்ன பாட்டு சார் இது?”

“வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பழைய கவிதை ஒண்ணப் படிச்சுட்டுப் போட்ட மெட்டு. அந்தக் கவிதையில ஒரு தாய் தொட்டில ஆட்டுறா. உள்ள கிடக்குற புள்ள இனி முழிக்காது. தெரிஞ்சும் ஆட்டிக்கிட்டே இருக்கா. இடது கையில வருதே, அது தொட்டில் ஆட்டம்.”

“மங்கள காரியத்துல இதையா சார்?”

“தாலாட்டுதான கேட்டாக? யாருக்குத் தெரியப் போகுது?”

கல்லல்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அண்ணே, எங்களுக்கு மொதப் புள்ள தங்கல. மீனா காதுல இது விழவே கூடாது. வேற வாசிக்கச் சொல்லுங்க.”

விழுந்துவிட்டது. அவர் மனைவி மீனா கைக்குழந்தையோடு பின்னாலேயே நின்றிருந்தார். நேரே பியானோவிடம் போனார்.

“சார், அதையே வாசிங்க.”

“நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?” என்றார் கணவர்.

“அன்னைக்கும் இப்படித்தான் என் வாயப் பொத்துனீக. பச்சப் புள்ளைக்கு அழுதா அடுத்தது தங்காதுன்னு சொல்லி, துணியச் சுத்தித் தூக்கிட்டுப் போனீக. அதுக்குன்னு யாரு அழுதா?”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பேர் வைக்குமுன் போன பிள்ளைக்குச் சடங்கும் இல்லை, ஒப்பாரியும் இல்லை.

மீனா மாஸ்டரைக் கேட்டார். “அந்தக் கவிதையில புள்ளைக்குப் பேரு இருக்கா சார்?”

“இல்லம்மா.”

“எங்களதுக்கும் இல்ல.”

மாஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். விருந்தாட்கள் வர இன்னும் நேரமிருந்தது. கணவர் குழந்தையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். கை காலியானதும் மீனா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன்.

விசேஷத்தில் மாஸ்டர் வேறு பாட்டுத்தான் வாசித்தார்.

வீட்டை மங்களமாக வைத்திருப்பது எங்கள் வேலை. அதற்காக ஒருத்தியின் அழுகையை அடக்கச் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நல்ல நாளில் அழுததை ஹாலில் இருந்த அம்மன் குற்றமாக எடுத்திருக்க மாட்டாள். அவளும் பெற்றவள்தான்.